பட்டியலில் இல்லாத கல்லறைகள்

மலைமேல் கிடக்கும் கற்குவியல் குவாரிக்காரர் கண்ணுக்கு ஜல்லி. வீடு கட்டுபவருக்கு அஸ்திவாரம். தொல்லியல் அறிந்தவருக்கு மட்டும் அது கல்லறை. மூவரில் முதலில் வந்து சேர்வது யார் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள்.

பாலக்காட்டில் அதிர்ஷ்டம் தொல்லியல் பக்கம் இருந்தது. மலம்புழா அணையை ஒட்டித் தீவுபோல் நிற்கும் மேடுகளில், சுமார் 45 ஹெக்டேர் பரப்பில், 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இருப்பதாக இந்தியத் தொல்லியல் துறை 2025 மார்ச்சில் அறிவித்தது. பெரும்பாலானவை கல்பதுக்கைகள். கற்பலகைகளை மண்ணுக்குள் பெட்டிபோல் நிறுத்தி மூடுகல் வைத்தவை. பதுக்கை நமக்குப் புதிய சொல் அல்ல. சங்கப் பாடல்களிலேயே உண்டு.

இடுக்கியின் மறையூரில் இவை ஒளிந்திருக்கவில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிறவர்கள் பார்க்கும் ஊர்தான். அங்கே பாறைமீது நிற்கும் கல்திட்டைகளை மக்கள் 'முனியறை' என்கிறார்கள். முனிவர்கள் தங்கிய அறையாம். ஆனால் பல திட்டைகளில் மூடுகல் சரிந்து கிடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருப்பது மட்டும் காவல் ஆகிவிடாது.

புதையல் தேடித் தோண்டுபவர்களுக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும்தான். ஆய்வாளருக்கோ அதுவே பொக்கிஷம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அவ்வூரின் தொலைதூர வணிகத்தைப் பேச அவை சாட்சியாயின. எந்தப் பொருள் எந்த மண்ணடுக்கில், எந்தத் திசையில் இருந்தது என்பதில்தான் சேதி இருக்கிறது. கல்லைப் புரட்டியபின் அதை மீட்க முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்தியச் சட்டம் 1958-லேயே வந்தது. 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை. கேரளத்துக்கும் 1968-லிருந்து தனிச் சட்டம் உண்டு. ஆனால் இந்தக் காவலெல்லாம் அறிவிக்கப்பட்ட சின்னத்துக்குத்தான். பட்டியலில் ஏறாத கற்குவை வெறும் கல்.

ஒவ்வொன்றையும் சுற்றி வேலி போட்டுக் காவலர் வைக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் வருவாய்த் துறைப் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேராக 'ஈமச் சின்னம்' என்று எழுதிவைக்கப் பெரிய செலவில்லை. குவாரி உரிமம் தரும் அதிகாரி அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். பல்லவர் கோயிலுக்கும் முந்தைய நினைவுச் சின்னங்கள் இவை. லாரி வருவதற்குள் அந்த வரி ஏறியாக வேண்டும்.