சொந்த வீடாம்!

"ப்ளாகர் வாடகை வீடு தாத்தா, சொந்தமாகத் தளம் போடுங்க" என்கிறான் பேரன். எது சொந்தம்? பெயருக்கு வருஷா வருஷம் பணம், சர்வருக்குத் தனியாகப் பணம். நான் கண்ணை மூடிய மறுவருஷம் யார் கட்டுவது? இவனா? கரண்ட் பில்லையே நான்தான் ஞாபகப்படுத்துகிறேன்!

இலவசமும் சாசுவதமில்லை, ஒப்புக்கொள்கிறேன். யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸை இழுத்து மூடியது. இரண்டு வருஷம் திறக்காத கணக்கை நீக்கலாம் என்கிறது கூகுள். கணக்கு சும்மா கிடந்தால் நாம் சொல்லும் ஆளுக்குத் தகவல் போக அதிலேயே வசதி உண்டு; மகள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

என் வயசுக்காரர்களே, செலவு செய்ய ஆசையென்றால் காகிதம் வாங்குங்கள். ஆபீசில் நகல் இல்லாமல் நாம் எதை அனுப்பினோம்? மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் பென்டிரைவில் இறக்குகிறேன். அச்செடுத்த கோப்பு பீரோவில், பாஸ்புக்குக்குக் கீழே இருக்கிறது.