ஜிபி எவ்வளவுன்னு கேட்கிறோம்... ஸ்லாட் எத்தனைன்னு கேட்கிறோமா?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் ஒரு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். விஜயராகவப் பெருமாள் கோயிலில் தாலி கட்டு, பாலுசெட்டி சத்திரம் பக்கம் மண்டபத்தில் வரவேற்பு. இரண்டு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே வீடியோ பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மொத்தம் 540 ஜிபி!

வீடியோகிராஃபரின் லேப்டாப்பில் இருப்பதோ 512 ஜிபி. விண்டோஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? மறுநாள் அடுத்த முகூர்த்தம், மெமரி கார்டையும் காலி செய்தாக வேண்டும். இந்த அவசரத்தில்தான் ஒரே ஒரு காப்பியை வைத்துக்கொண்டு கார்டை அழிக்கிறார்கள். அது போனால், 'இன்னொரு தடவை தாலி கட்டுங்க' என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

எடிட்டிங், டிசைன், கட்டட வரைபடம் போன்ற கனமான வேலைகளுக்கென்றே வருபவை வொர்க்ஸ்டேஷன் லேப்டாப்கள். இவற்றின் பலம் பிராசஸரில் மட்டும் இல்லை. பின்மூடியைக் கழற்றினால் தெரியும் 'எம்.2' ஸ்லாட்டுகளிலும் இருக்கிறது. அதில் செருகும் எஸ்எஸ்டி, பெரும்பாலும் 22 மி.மீ அகலம், 80 மி.மீ நீளம், ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான். ஸ்லாட் காலியாக இருந்தால், இன்று 512 ஜிபியோடு வாங்கிவிட்டு, கையில் காசு வரும்போது இன்னொன்றைச் சேர்க்கலாம்.

ஆனால் பெயரை நம்பி வாங்கிவிடக் கூடாது. ஹெச்பியின் 'இசட்புக்' வரிசையில் தடிமனான ஃப்யூரி 16 மாடலில் நான்கு எஸ்எஸ்டி வரை போடலாம். அதே குடும்பத்து மெல்லிய ஃபயர்ஃப்ளையில் ஒன்றுதான். ஆப்பிள் மேக்புக் ப்ரோவில் பிற்பாடு செருக ஸ்லாட்டே கிடையாது. வாங்கும் அன்றே கணக்குப் போட்டாக வேண்டும், விலையும் நோகும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய வொர்க்ஸ்டேஷன் வாங்கப் போகிறவர்கள், மாடல் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடிப் பார்க்கலாம். லெனோவோ, டெல், ஹெச்பி தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஸ்லாட் எத்தனை, அது சாட்டா வகையா, வேகமான என்விஎம்இ வகையா என்பதெல்லாம் அதில் இருக்கும். எஸ்எஸ்டியைப் பிடித்து வைக்கும் குட்டி ஸ்குரூ இருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. அது இல்லாமல் வீட்டுக்கு வந்து அல்லாடுகிறவர்கள் உண்டு.

இரண்டு டிரைவ் போட்டு, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் பதியும்படி 'ரெய்டு 1' அமைக்கலாம். ஒரு டிரைவ் பழுதானாலும் வீடியோ பிழைக்கும். ஆனால், தவறுதலாக டெலிட் செய்தால் இரண்டிலும் சேர்ந்தே போய்விடும். லேப்டாப்பே திருடு போனால் கேட்கவே வேண்டாம். அதனால் ஆல்பம் கைமாறும்வரை, ஒரு காப்பி வெளி டிரைவில், வேறு இடத்தில் இருக்கட்டும்.