நிறமும் நியாயமும்

ஒரு தண்டனை தவறானதென்று கோர்ட்டாரே ரத்துச் செய்து இருபது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின்னும், அந்தத் தண்டனை சரியே என்று மேடையேறி வாதிப்போர் இருப்பார்களாயின், அந்நாட்டில் தீர்ப்பு வழங்கப்படும் இடம் நியாயஸ்தலந்தானா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. 2024ம் வருஷம் செப்டம்பர் மாதம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தில் மிஸ்டர் டொனால்ட் டிரம்ப், நியூயார்க் ஸென்ட்ரல் பார்க் வழக்கில் சிக்கிய ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்றும், அவர்களால் ஓர் உயிரே போயிற்று என்றும் பேசினார். இரண்டும் பிசகு. கோர்ட்டில் அவர்கள் குற்றத்தை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. தாக்குண்ட மாது உயிர் பிழைத்தார். அடுத்த மாதமே ஐவரும் மிஸ்டர் டிரம்ப் மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்தனர்.

விஷயம் 1989ம் வருஷம் ஏப்ரல் 19ந் தேதி இரவில் நடந்தது. பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த 28 வயதுள்ள ஒரு வெள்ளை மாது கற்பழிக்கப்பட்டு, பிணம்போல் விடப்பட்டார். நினைவு திரும்பியபோது அவருக்கு அந்த இரவைப் பற்றிய ஞாபகமே இல்லை. அதே இரவில் பையன்களின் கூட்டமொன்று பார்க்கில் புகுந்து வழிப்போக்கர் சிலரை அடித்ததும் உண்மை. இதை மறைப்பதால் யாருக்கும் பயனில்லை. அந்தக் கூட்டத்தைத் தேடிய போலீஸார் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட ஐவர்மீது இந்தக் கொடுமையையும் சுமத்தினர். நால்வர் கறுப்பர், ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சத்தினர். ஐவரில் மூத்தவர் போலீஸார் தேடிய ஜாபிதாவிலேயே இல்லை. அழைத்துச் செல்லப்பட்ட நண்பனுக்குத் துணையாகப் போனவர்.

விசாரணை தொடங்குமுன்பே பத்திரிகைகள் தீர்ப்பெழுதிவிட்டன. ‘ஓநாய்க் கூட்டம்’ என்ற சொல் தலைப்பிலேயே ஏறியது. ஒரு பையனை ஓநாய் என்று கூறிய பிறகு, அவன் வயதென்ன, அவன் தாய் யார், அவன் சொல்லுவது மெய்யா என்று விசாரிக்கும் சிரமம் வாசகருக்கு இல்லாமற் போகிறது. வெள்ளைக் குற்றவாளி எத்தனை கொடியவனாயினும் அவன் ஒரு தனி மனிதன். கறுப்பனோ ஒரு கூட்டத்தின் மாதிரி. மே மாதம் முதல் தேதி மிஸ்டர் டிரம்ப் நான்கு தினசரிகளில் முழுப்பக்க விளம்பரம் செய்து, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்று முழங்கினார். பையன்களின் பெயரை அதில் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய அவசியந்தான் என்ன?

போலீஸாரிடம் இருந்ததெல்லாம் பல மணி நேரம் விசாரித்துப் பெற்ற வாக்குமூலங்களே. இடம், நேரம், செய்கை ஆகிய எதிலும் அவை ஒன்றோடொன்று ஒத்து நிற்கவில்லை. மாதின்பால் கிடைத்த விந்துவின் டி.என்.ஏ. சோதனை ஐவரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை என்பது விசாரணைக்கு முன்பே தெரியும். பிடிபடாத வேறொருவன் இருந்திருக்கலாம் என்று சர்க்கார் வக்கீல்கள் சமாதானம் கூறினர். ஜூரிகள் அனைவரும் வெள்ளையர் என்றும் கூறுவதற்கில்லை. பல இனத்தாரும் அதில் இருந்தனர். ஆயினும் ஊரெங்கும் ஒரே பேச்சு காதில் விழுந்த பிறகு, பையன்களே ஒப்புக்கொள்ளும் படத்தைத் திரையில் கண்டவர்கள் விஞ்ஞான சோதனையைப் பொருட்படுத்தவில்லை. 1990ல் ஐவரும் தண்டனையடைந்தனர். மூத்தவரின் சிறைவாசம் ஏறக்குறைய 13 வருஷம் நீடித்தது.

கறுப்பர் தரப்பிலும் தவறு நேர்ந்தது. கோர்ட்டு வாயிலில் கூடிய சிலர், படுக்கையிலிருந்து மீண்டு சாட்சி சொல்ல வந்த அந்த மாதையே ஏசினர். இதை நாம் கண்டிக்கிறோம். ஆனால் அவர்களுடைய அவநம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1931ல் அலபாமா மாகாணத்து ஸ்காட்ஸ்பரோவில், இரு வெள்ளைப் பெண்களின் புகாரின்மேல் பிடிபட்ட ஒன்பது கறுப்புப் பையன்களில் எட்டுப் பேருக்குச் சில தினங்களுக்குள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அப்பெண்களில் ஒருத்தி 1933ல் புகாரே பொய்யென்று சாட்சி சொன்னாள். 1955ல் மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கொன்றதாக வழக்குக்கு வந்த இரு வெள்ளையரை, வெள்ளை ஜூரிகள் சுமார் ஒரு மணி நேரத்தில் விடுவித்தனர். அடுத்த வருஷம் அவ்விருவரும் தாங்களே கொன்றதாக ஒரு பத்திரிகைக்குக் கூறினர். இவற்றைக் கேட்டு வளர்ந்தவனிடம் கோர்ட்டை நம்பு என்று கூறுவது எளிதா?

நியூயார்க் நகர சபை 2014ல் ஐவருக்கும் 4 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. தவறு செய்ததாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஐவரில் ஒருவரான யூஸெப் ஸலாம் 2023ல் ஹார்லெம் வாசிகளால் அதே நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெண்களைக் காக்கவே இத்தனை ஆத்திரம் என்று கூறப்பட்டது. 1989 மே மாதத் துவக்கத்தில் அதே நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு கறுப்பு மாது கற்பழிக்கப்பட்டு, மாடியிலிருந்து தள்ளப்பட்டார். அவர் பொருட்டு முழுப்பக்க விளம்பரம் எதுவும் வரவில்லை. உண்மைக் குற்றவாளியோ வெளியே திரிந்துகொண்டிருந்தான். ஏப்ரல் 17ந் தேதியே அதே பார்க்கில் வேறொரு பெண்ணைத் தாக்கியவன் அவன். ஜூன் மாதத்தில் ஒரு கர்ப்பிணியைக் கொன்றான். மேலும் பல பெண்களைக் கெடுத்தான். ஆகஸ்டு மாதம் பிடிபட்டான். ஐந்து பையன்களின் வழக்கு அப்போது கோர்ட்டில் விசாரணைக்கே வந்திருக்கவில்லை. ஆயினும் 2002ல் சிறையிலிருந்து அவனே வாய்திறந்து, அவனுடைய டி.என்.ஏ. பொருந்தும் வரையில், பார்க்குக் குற்றம் அவனுடையதென்று வெளியாகவில்லை.