தொண்டனின் உயிர் இலவசமா?

அமெரிக்கா என்றதும் வானளாவிய கட்டிடங்களும், மணியடித்துக்கொண்டு பாய்ந்துவரும் சிவப்புத் தீயணைப்பு மோட்டார்களும்தான் நம் கண்முன் நிற்கின்றன. சினிமா காட்டும் அமெரிக்கா அது. பட்டணங்களுக்கு அது பொருந்தும். கிராமங்களின் கதை வேறு.

செல்வத்தில் கொழுக்கும் அந்த நாட்டில், தீயணைப்போரில் நூற்றுக்கு 65 பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்! 2020-ம் வருஷத்துக் கணக்குப்படி மொத்தம் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்போர். அவர்களில் 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் தொண்டர்கள். 1984-ல் தொண்டர்கள் 8 லட்சத்து 97 ஆயிரத்துக்கும் அதிகம். ஜனத்தொகை பெருகிற்று, தொண்டர் தொகையோ சுருங்கிற்று. ஏன் சுருங்கிற்று என்பதை, அந்தத் தொண்டர்களில் ஒருவன் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறான் என்று பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

டெக்ஸாஸ் ராஜ்யத்தின் வடகோடியிலுள்ள பான்ஹாண்டில் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர். அங்கே வேலை செய்யும் பண்ணையாள் விடியுமுன் எழுகிறான். மாடுகளுக்குத் தீவனம் போடுகிறான். உறைந்துபோன தண்ணீர்த் தொட்டியை உடைத்துவிடுகிறான். அறுந்த கம்பி வேலியைக் கட்டுகிறான். கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்காருகிறான். இது கூலி வேலை. இடுப்பில் தொங்கும் கருவி ஒலித்ததும் கூலியில்லாத வேலை ஆரம்பமாகிறது.

ஊர்க் கொட்டகையில் நிற்கும் வண்டி பெரும்பாலும் பழையது. பட்டாளம் கழித்துப்போட்ட லாரியைத் தண்ணீர்த் தொட்டி வைத்து மாற்றிக்கொண்ட ஊர்கள் பல. பெட்ரோலுக்கும் டயருக்கும் ஊரார் விருந்து நடத்தி, சீட்டு விற்றுப் பணம் திரட்டுகிறார்கள். அந்த வண்டியில் ஏறித்தான் அவன் தீக்கு முன் போகிறான்.

புல்வெளித் தீ விளையாட்டல்ல. மேற்கிலிருந்து காற்று வீசும்போது தீயின் தலை கிழக்கே ஓடும். இரு விலாப்புறங்களும் நீண்டு கிடக்கும். எரிந்து கறுத்த தரையில் காலூன்றி, பின்னாலிருந்து விலாவை அணைத்துக்கொண்டே முன்னேறவேண்டும். அப்போது வடகாற்று திரும்பினால் போச்சு! பல மைல் நீளமான தெற்கு விலா முழுவதும் ஒரே நொடியில் தலையாக மாறிவிடும். இதற்கிடையில் வேலிக் கம்பிகளை வெட்டி மாடுகளை வெளியே விரட்டவேண்டும். தரையை உழுது, புல் இல்லாத மண்பட்டை போடவேண்டும். இரவெல்லாம் புகையை விழுங்கிவிட்டு, காலையில் அதே பண்ணையாள் மறுபடி தீவனம் போடப் போகிறான்.

இது கற்பனையா? 2024-ம் வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி ஸ்டின்னெட் என்ற சிற்றூருக்கருகே தீ மூண்டது. ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ என்று அதற்குப் பெயர். மறுநாள் காற்று திரும்பியதும் அது தெற்கே அகன்று பாய்ந்தது. எரிந்தது 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கர். டெக்ஸாஸ் சரித்திரத்தில் அதைவிடப் பெரிய தீ இருந்ததில்லை. இரண்டு பேர் மாண்டனர். 7,000-க்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. அந்தத் தீயுடன் போராடிய பிரிட்ச் ஊரின் தீயணைப்புத் தலைவர், மார்ச் 5-ந் தேதி ஒரு வீட்டுத் தீயை அணைக்கப் போன இடத்தில் உயிர்நீத்தார்.

தீ எப்படி மூண்டது? டெக்ஸாஸ் சட்டசபைக் கமிட்டி 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கை விடை சொல்கிறது. உளுத்துப்போன மின்சாரக் கம்பம் ஒன்று காற்றில் முறிந்து விழுந்தது! தன் சாதனங்களுக்கும் தீ மூண்டதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று எக்ஸெல் எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனி அந்த மார்ச்சிலேயே ஒப்புக்கொண்டது. அலட்சியம் என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுத்தது. அலட்சியமா இல்லையா என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: மின்சாரம் விற்று லாபம் எடுக்கும் கம்பெனியின் கம்பத்தால் மூண்ட தீயை அணைக்க, கூலியின்றி ஓடியவன் யார்?

அந்தக் கூலிக்காரனைச் சட்டம் எப்படி நடத்துகிறது? 1935-ல் தொழிற்சங்க உரிமைக்குச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. 1938-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் அவனுக்கு இடமில்லை. 1966-ல் பெரிய பண்ணைகளின் தொழிலாளிகளுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் கால்நடை வளர்ப்பதையே பிரதான வேலையாகக் கொண்டவனுக்கு மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலியும் கிடையாது, அதிக நேர வேலைக்கு அதிகக் கூலியும் கிடையாது. அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் டெக்ஸாஸில் தனியார் முதலாளியின் இஷ்டம்!

2017 மார்ச் 6-ந் தேதி இதே பான்ஹாண்டிலில் மாடுகளைத் தீயிலிருந்து காக்கப் போன மூன்று பேர் மாண்டனர். நாடு கண்ணீர் வடித்தது. பத்திரிகைகள் வீரர்கள் என்று புகழ்ந்தன. வீரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் புகழ்மாலை குடும்பத்துக்குச் சோறு போடுமா?

தொண்டு எங்கள் பரம்பரை வழக்கம் என்பார்கள் சிலர். 1736-ல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் அமைத்த தீயணைப்புச் சங்கத்தை உதாரணம் காட்டுவார்கள். நல்ல உதாரணம்தான். அது சொத்துள்ளவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு. இந்தப் பண்ணையாளோ தனக்குச் சொந்தமில்லாத மாட்டையும் காக்கிறான், நிலத்தையும் காக்கிறான், தனியாக வாழும் கிழவியின் வீட்டையும் காக்கிறான். அவன் மனசு பெரிது. அதைக் காட்டி மற்றவர்கள் தங்கள் கடமையைச் சிறிதாக்கிக்கொள்வதுதான் தவறு.

ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் சம்பளப் படை வைத்துக் கட்டுமா என்று வேறு சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊருக்கு ஊர் படை வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. தீயணைக்கப் போகும் நேரத்துக்குக் கூலி, உடம்பைக் காக்கும் உடுப்பு, ஓடக்கூடிய வண்டி, அடிபட்டால் நஷ்டஈடு - இவ்வளவுதான் தேவை. செலவை அந்தச் சிற்றூர் தாங்கவேண்டியதில்லை. ராஜ்ய சர்க்கார் தாங்கட்டும். வழி புதிதும் அல்ல. கிராமத் தொண்டர் படைகளுக்கு உதவ 2001-லேயே டெக்ஸாஸ் சட்டம் போட்டது. ஆனால் 2024-ல் கமிட்டி விசாரித்தபோது, பணமில்லாமல் நின்றுபோன உதவி மனுக்கள் பல கோடி டாலர் மதிப்புக்குக் குவிந்து கிடந்தன. ராஜ்யத்துக்குச் சொந்தமான தீயணைப்பு விமானப் படை இல்லை என்பதையும் கமிட்டி எடுத்துக்காட்டிற்று.

கடமையில் மாண்ட தொண்டனின் குடும்பத்துக்கும் உதவித்தொகை தர 1976-ல் மத்திய சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் செத்தவன் குடும்பத்துக்குக் கொடுக்கும் கை, அவன் சாகாமலிருக்க நல்ல உடுப்பும் நல்ல வண்டியும் வாங்கித்தர ஏன் தயங்கவேண்டும்?

2024 தீயின்போது பல ராஜ்யங்களிலிருந்து விவசாயிகள் லாரி லாரியாக வைக்கோல் அனுப்பினார்கள். முன்பின் அறியாதவனுக்கு ஓடி உதவும் குணம் உழைக்கும் ஜனங்களிடம் வற்றவில்லை என்பதற்கு இது சாட்சி. வற்றியிருப்பது சர்க்கார் கஜானாவும் அல்ல. அதைத் திறக்கும் மனம்தான்.

தொண்டனைப் புகழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு அவனுக்குக் கூலிச் சட்டத்தில் இடம் கொடுங்கள். உளுத்த கம்பத்தைத் தீ மூளுமுன் மாற்றச் செய்யுங்கள். அவன் செய்யும் தொண்டைக் கம்பெனியின் கணக்கில் லாபமாக எழுதாதீர்கள்!