தார்ப் புண்ணுக்கு மண்ணெண்ணெயா?

சாலை போடும் தொழிலாளியின் கையில் கொதிக்கும் தார் தெறிக்கிறது. பதறி ஓடிவரும் சக தொழிலாளி, ஒட்டிய தாரைப் பிய்க்கிறார். வராவிட்டால் மண்ணெண்ணெயோ தின்னரோ நனைத்த பழந்துணியால் தேய்க்கிறார். வடசென்னையில் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்று தார் புழங்கும் இடங்களில் இன்னும் ஒழியாத வழக்கம் இது. வெந்த உடம்பின் மேல் இழைக்கப்படும் இரண்டாவது காயம் இது. பதறிய தொழிலாளியை நாம் குறை சொல்லவில்லை. அவருக்குச் சரியான முறையைக் கற்றுத்தராத ஒப்பந்ததாரர்களையும், அவர்களைக் கேள்வி கேட்காத மாநகராட்சியையும் நெடுஞ்சாலைத் துறையையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சாலைக்கான தார் 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்படுகிறது. வெந்நீர் பட்டால் வழிந்துவிடும். தாரோ தோலைப் பற்றிக்கொண்டு, ஆறும்வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முதல் வேலை தாரை எடுப்பதல்ல, சூட்டைத் தணிப்பது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. தாரில் சிக்காத மோதிரம், கடிகாரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது.

இறுகி, ஆறிய தாரை அந்த இடத்திலேயே எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை. பிய்த்தால் கொப்புளத் தோலும், பிழைத்திருக்கும் அடித்தோலும் சேர்ந்து உரிந்து வரும். தானாக ஆறியிருக்கக்கூடிய புண், தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரை போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவை புண்ணை மேலும் அரிக்கும். வெந்த தோல் வழியே உடலுக்குள் ஊறும். தார் காய்ச்சும் நெருப்புக்கு அருகில் பற்றியும் எரியும்.

சரியான முறை ஒன்றும் கடினமானதல்ல. சூடு தணிந்ததும், சுகாதார நிலையத்தில் முதலில் வலிக்கு மருந்து. பிறகு லிக்விட் பாரஃபினையோ பெட்ரோலியம் ஜெல்லியையோ தார்மீது தாராளமாகத் தடவி, காஸ் துணியால் மூடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தார் மெல்ல இளகித் துணியோடு வந்துவிடும். காயத்தின் ஆழம் அப்போதுதான் தெரியும் என்பதால், தார் முழுவதும் போகும்வரை செவிலியர் ‘லேசான காயம்’ என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது. டெட்டனஸ் ஊசியையும் மறக்கக் கூடாது. கண்ணில் தார் பட்டாலோ, விரலையோ கையையோ வளையமாகச் சுற்றி இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுத்தாலோ, அங்கே பொறுமைக்கு இடமில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தார் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. அதை இளக்கும் பாரஃபின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான பொருள். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி மருத்துவமனை ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. இத்தனை இருந்தும், காயம் பட்ட முதல் அரை மணி நேரத்தில் தொழிலாளிக்குக் கிடைப்பது மண்ணெண்ணெய்த் துணி என்றால், அது நிர்வாகத்தின் தோல்வி.

இந்த அலட்சியம் வடசென்னைக்குப் புதிதல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது, கரை ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். ஆபத்தான பொருள் எளியவர்களின் உடம்பில் ஒட்டும்; பாதுகாப்பு மட்டும் தாமதமாக வரும். இதற்கு இனியும் இடம் தரக் கூடாது.

பயிற்சி பெற்றவர் பொறுப்பில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே சொன்னது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் முதலுதவி வசதி கட்டாயம் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை நினைவூட்ட வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

எனவே கேட்கிறோம். தார் காய்ச்சும் ஒவ்வொரு இடத்திலும் போதிய சுத்தமான தண்ணீர், கையுறை, முழுக்கை உடை, பூட்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய வேலையை நிறுத்த வேண்டும். ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கக் கூடாது. வடசென்னையின் எல்லா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பாரஃபினும், எழுத்து வடிவில் தார்க்காய சிகிச்சை முறையும் போய்ச் சேர வேண்டும். செவிலியர்களுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைகளில் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். பெரும் நிதி தேவைப்படும் கோரிக்கை இவற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த சாலைப் பணிக்கான ஒப்பந்தத்திலேயே இவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். அதுவரை வடசென்னையில் தார் அடுப்பு எரியக் கூடாது.