கணினிக்கு உணவூட்டும் பெட்டி

பிள்ளைகளின் படிப்புக்கெனக் கணினி வாங்குவோர், நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு அகலம் என்றெல்லாம் வினவுகின்றனர். உள்ளிருக்கும் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ எத்தகையது எனக் கேட்பவர் அரிது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக்கித் தரும் பெட்டி அது. தரங்கெட்டதாயின், தான் எரியும்போது மதர்போர்டையும் உடன் கொண்டுபோய்விடக்கூடும்.

மலிவான பெட்டிகளில் 450 வாட் எனப் பெரிதாக அச்சிட்டிருப்பர். அதனை அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 15 என்றிருந்தால், பெருக்கினால் 180 வாட்தான்! இக்காலக் கணினிகள் பெரும்பகுதி மின்சாரத்தை அந்த 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத எளிய கணினி பெரும்பாலும் 150 வாட்டைத் தாண்டாது. ஆகவே, பொய்யான 450ஐ விட மெய்யான 300 மேலானது.

தென்காசி, குற்றாலப் பகுதியினருக்கு வேறொரு கவலையும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது; அதே காற்று மரக்கிளையை மின்கம்பியில் சாய்த்து நம் வீட்டு விளக்கை அணைக்கவும் செய்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல், தரையெல்லாம் ஈரம்.

கணினியின் இரும்புக் கூட்டைத் தொட்டால் ‘சுருக்’கென்கிறதா? எர்த் இல்லை அல்லது அறுந்துள்ளது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உட்பகுதியிலிருந்து இயல்பாகக் கசியும் சிறு மின்சாரம், இறங்க வழியின்றிக் கூட்டில் நிற்கிறது. பெட்டி பழுதானால் கசிவு பெருகும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். மூன்றாவது முளையை ஒடித்துவிட்டுச் சொருகும் வழக்கத்தை அறவே விடுங்கள். யு.பி.எஸ். வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதே முதற்செலவாகட்டும்.

பிறகு யு.பி.எஸ்.: எளிய கணினிக்கு 600 வி.ஏ. போதும். மின்சாரம் நின்றதும் எழுதியதைச் சேமித்து, முறையாக நிறுத்தவே அது உதவும். மணிக்கணக்கில் ஓட்டுவதற்கு அன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பின் அதன் பின்புறத்தைப் பாருங்கள். பலவற்றில் ‘யு.பி.எஸ்.’ என்றொரு சுவிட்ச் நிலை உண்டு. அதில் வைத்தால் மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்.

ஐப்பசி இடி மின்னலுக்கு இவை எதுவும் முழுக் காவலாகா. வானம் கறுக்கத் தொடங்கியதுமே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; இணையக் கம்பியையும்தான்.