காணிக்கைத் தட்டும் பாக்கிப் பட்டியலும்

கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கும்போதே நம் ஊர்களில் கோயில் நிர்வாகக் கூட்டம் கூடிவிடுகிறது. தேருக்கு வண்ணம், மணிக்கூண்டுக்குப் பழுதுபார்ப்பு, மறையுரையாளருக்கு வழிச்செலவு, மின்விளக்கு, மேளம், வாணவேடிக்கை என்று செலவுப் பட்டியல் நீளும். அதற்கேற்ற வரவைத் தேடும் பேச்சு எழும். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, எந்த நாள் திருப்பலி யாருடைய உபயம், வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் எவ்வளவு கேட்கலாம் என்றெல்லாம் ஆலோசனை நடக்கும். கடைசியில் ஒருவர் எழுந்து, "பழைய பாக்கியை என்ன செய்வது?" என்று கேட்பார். இந்த மாதம் நாம் பேச விரும்புவது அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியே.

கோயிலில் பணத்தைப் பற்றிப் பேசுவதே பக்திக்கு ஒவ்வாது என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பீடத்து மெழுகுதிரி தானாக வருவதில்லை. கோயில்பிள்ளையின் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மழைக்காலத்தில் ஒழுகும் ஓட்டைச் செபம் மட்டும் அடைத்துவிடாது. தேவ வழிபாட்டுக்கும், பிறரன்புப் பணிக்கும், பணியாளர்களின் பிழைப்புக்கும் வேண்டியதைக் கொடுத்துதவுவது விசுவாசிகளின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. ஆகவே, கொடுக்க வேண்டுமா என்பது இங்கே கேள்வியன்று. எப்படிக் கேட்கிறோம், கொடுக்க இயலாதவனை என்ன செய்கிறோம் என்பவையே கேள்விகள்.

நம் முன்னோர் கோயிலுக்குப் பொருள் திரட்டிய முறைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தென் மாவட்டங்களில் இன்றும் பல கோயில்களின் முற்றத்தில் ஏலம் நடக்கிறது. காய்த்த முதல் வாழைத்தாரையோ, வீட்டில் வளர்ந்த சேவலையோ, ஒரு கூடைத் தேங்காயையோ நேர்ச்சையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். திருப்பலி முடிந்ததும் ஏலம் கூறப்படும். சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குச் சேவல் விலைபோகும். எடுத்தவரே அதை மீண்டும் கோயிலுக்குக் கொடுத்து மறுபடி ஏலம்விடச் செய்வதும் உண்டு. சேவலைக் கொண்டுவந்த ஏழைத் தாயும், அதை எடுத்த கடைக்காரரும் ஒரே காணிக்கையில் பங்காளிகளாகிவிடுகிறார்கள்.

குமரிக் கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. அந்தப் பங்கைத் திரட்டும் உரிமையை ஆண்டுதோறும் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைதாரரைப் பற்றிய மனத்தாங்கல்கள் பல இருந்திருக்கலாம். ஆயினும் அந்த ஏற்பாட்டின் அடிப்படையில் ஒரு நியாயம் இருந்தது: வலை நிறைந்த நாளில் கோயிலுக்கும் நிறைவு, கடல் கொடுக்காத நாளில் மீனவனிடம் கோயிலும் கேட்பதில்லை.

இன்னொன்று பிடி அரிசி. உலை வைக்கும்போது குடும்பத் தலைவி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். இவ்வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மிசோரம் மாநிலத்தில், பிரஸ்பிடீரியன் சபைப் பெண்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக இதே முறையில் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி ஒதுக்கிவருகிறார்கள். அப்பிடி அரிசியை விற்றுச் சேரும் பணம் அந்தச் சபையின் ஊழியங்களைத் தாங்கும் தூண்களில் ஒன்றாக நிற்கிறது.

ஏலம், மீன்பங்கு, பிடி அரிசி ஆகிய இம்மூன்றிலும் பொதுவாக அமைந்த ஒன்றை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். இவற்றில் எதிலும் பாக்கி என்ற சொல்லுக்கே இடமில்லை. அடுப்பு எரியாத வீட்டில் பிடி அரிசி இல்லை. ஆகவே கடனும் இல்லை. இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தொகையை விதிக்கும் தலைக்கட்டு வரியிலேதான் பாக்கி பிறக்கிறது. பாக்கி பிறந்த இடத்தில் பட்டியல் பிறக்கிறது. பட்டியல் பிறந்த இடத்தில் ஒரு குடும்பம் மெல்ல மெல்லக் கோயிலின் பின்வரிசைக்கு நகர்ந்து, ஒருநாள் வாயிலைத் தாண்டி வெளியே போய்விடுகிறது.

புனித சின்னப்பர் எருசலேமின் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகப் பணம் திரட்டியவர். அதற்காகக் கொரிந்து நகரத்தாருக்கு அவர் எழுதியவற்றை ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை வாசிக்கலாம். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்குத் தக்கதை ஒதுக்கிவைக்கச் சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று அவர் விதிக்கவில்லை. மனவருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினார். அதோடு நிற்காமல், சேர்ந்த தொகையைக் கொண்டுசெல்லச் சபைகள் தேர்ந்த ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டார். அவ்வளவு பெருந்தொகையைக் கையாளும்போது தம்மீது எவரும் குறைசொல்ல இடமிருக்கலாகாது என்பதே அதற்கு அவர் காட்டிய காரணம். ஆற்றலுக்கேற்ற கொடை, அனைவரும் அறியும் கணக்கு என்ற இந்த இரண்டுக்கும் மேலாக மூன்றாவது விதி ஒன்று நமக்குத் தேவையில்லை.

சிறுகாசின் வலிமையை உலகுக்குக் காட்டிய ஒரு பெண்ணையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பட்டு வணிகரின் மகளாக 1799-இல் பிறந்தவர் பவுலின் ஜாரிக்கோ. பட்டாலைகளில் வேலை செய்த பெண்களிடம் அவர் கேட்டது நாள்தோறும் ஒரு செபமும், வாரத்துக்குச் சூ என்னும் சிறு காசு ஒன்றும்தான். ஒருவர் பத்துப் பேரைச் சேர்ப்பது, அந்தப் பத்துப் பேர் ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது என்று அமைந்தது அவருடைய திட்டம். அதிலிருந்தே 1822-இல் விசுவாசப் பரப்புதல் சபை உருவாயிற்று. அச்சபை திரட்டிய பணம் கடல் கடந்து ஆசிய நாடுகளின் வேதபோதக மண்டலங்களுக்கெல்லாம் வந்தது. இந்தியாவும் அதில் பங்கு பெற்றது. 1922-இல் பதினோராம் பத்திநாதர் அதைப் பாப்பிறைச் சபையாக உயர்த்தினார். 1926-இல் ஏற்படுத்தப்பட்ட மறைபரப்பு ஞாயிறும் இதன் தொடர்ச்சியே. அக்டோபர் மாதத்தில் அந்த ஞாயிறன்று நாம் தட்டில் இடும் காணிக்கைக்குத் தாய், லியோன் நகரத் தொழிலாளியின் சிறுகாசு.

ஆனால் பவுலினின் பிற்காலத்தைப் பலர் அறியார். தொழிலாளர் குடும்பங்களின் நலனுக்காக அவர் தொடங்கிய ஓர் ஆலை, நம்பியவர்களின் மோசடியால் வீழ்ந்தது. எஞ்சிய வாழ்நாளெல்லாம் கடனைத் தீர்க்கவே அவர் அலைந்தார். நகரத்தின் ஏழைகள் பட்டியலில் பெயர் பதிவானவராக 1862-இல் இறந்தார். உலகத் திருச்சபைக்கே நிதி திரட்டும் வழியைக் காட்டியவர் பாக்கிக்காரராக மறைந்தார்! 2022 மே 22 அன்று திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தது. நம் பங்கின் பாக்கிப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது இவரை நினைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பட்டியலிலும் ஒரு பவுலின் இருக்கக்கூடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து ஆறு மாதம் படுக்கையில் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு வரி நின்றுபோகிறது. மூன்றாம் ஆண்டு மகளுக்கு வரன் அமைகிறது. ஓலை வாசிக்கக் கேட்டு வருகிறார். "பாக்கியை முடித்துவிட்டு வாருங்கள்" என்கிறது நிர்வாகம். அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். ரசீது கிடைக்கிறது, ஓலையும் வாசிக்கப்படுகிறது. கணக்கு நேராயிற்று என்று நிர்வாகம் மகிழ்கிறது. ஆனால் அந்த வீட்டில் அன்று முறிந்தது எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. சாவு வீட்டில் கல்லறைக் குழிக்கு முன்பாகப் பாக்கி பேசப்படுவது இதனினும் கொடிது.

திருச்சபையின் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. வறுமையின் காரணமாக எவரும் திருவருட்சாதனங்களின் உதவியை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 848-ஆம் சட்டம் கூறுகிறது. அடக்கச் சடங்கில் ஆள்பார்த்து நடத்தலாகாது, ஏழைகளுக்கு உரிய அடக்கம் மறுக்கப்படலாகாது என்று 1181-ஆம் சட்டம் எச்சரிக்கிறது. ஊர்க் கட்டுப்பாடு எவ்வளவு பழமையானதாயினும் இவற்றுக்கு மேற்பட்டதன்று.

"அப்படியானால் ஒருவரும் கொடுக்க மாட்டார்களே! மாடிமேல் மாடி கட்டுகிறவர்தான் அதிகம் பாக்கி வைத்திருக்கிறார்" என்று நிர்வாகிகள் கேட்பது நமக்குக் கேட்காமலில்லை. உண்மைதான். இருந்தும் கொடாதவர் எல்லாப் பங்கிலும் உண்டு. ஆனால் இல்லாதவரையும் இருந்தும் கொடாதவரையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒரே குரலில் வாசிப்பது முறையா? இருந்தும் கொடாதவருக்கு அந்த வாசிப்பு உறைப்பதில்லை. இல்லாதவரைத்தான் அது சுடுகிறது. இருவரையும் பிரித்தறிய ஒரே வழி வீட்டுக்குப் போவது. வாசற்படி ஏறி, திண்ணையில் உட்கார்ந்து, குடும்ப நிலையைக் கேட்டறிந்து வருகிற நிர்வாகி, பட்டியல் வாசிக்கிறவரைவிட அதிகம் வசூலிப்பார் என்பதும் பலர் கண்ட அனுபவமே.

பணத்தைக் கொண்டு இடத்தை அளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு பிரிவாய்க் கட்டப்பட்டு, நடுவே சுவரும் கொண்டிருந்தது. அந்தச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது, தமக்குத் தனியிடம் உரிமை என்று சிலர் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடினர்; வெல்லவில்லை. வேறு சில ஊர்களில் ஒரு சாராரிடம் திருவிழா வரி வாங்கவே மறுத்தார்கள். வாங்கிவிட்டால் தேர் அவர்கள் தெருவுக்கும் போக வேண்டுமே என்பதே காரணம். கொடுக்க முடியாதவனைத் தள்ளுவதும், கொடுக்க வருகிறவனைத் தடுப்பதும் ஒரே நோயின் இரண்டு குறிகள். கோயில் எல்லாருடைய வீடு என்பதை மறந்ததே அந்த நோய்.

நாம் கூற விரும்பும் ஆலோசனைகள் சிலவே. முதலாவது, ஒரே தொகை என்பதை விடுத்து, அவரவர் குறித்துக்கொடுக்கும் தொகையை ஏற்போம். இரண்டாவது, இயலாத குடும்பத்தின் பங்கை ஓசையின்றி ஈடுசெய்ய ஒரு வழி வைப்போம். 1833-இல் பாரிஸ் நகரில் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபையில், கூட்டந்தோறும் இரகசியத் திரட்டு நடப்பதை நாம் அறிவோம். பையினுள் கை போகும். யார் எவ்வளவு இட்டார் என்று அடுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. சலவைக்கல்லில் பெயர் பொறிக்கும் நம் காலத்துக்கு அந்தப் பை ஒரு நல்ல பாடம்.

மூன்றாவது, கணக்கு. பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் சட்டம். விசுவாசிகள் கொடுத்த பொருளுக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதும், ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பதும் சட்டமே. மணிக்கூண்டுக்கென்று வாங்கியது வாணவேடிக்கையில் கரைந்துபோனால், அடுத்த ஆண்டு மக்கள் கை சுருங்குவதில் வியப்பென்ன? உண்டியலைப் பலர் முன்னிலையில் எண்ணி, வரவையும் செலவையும் எழுதிக் கோயில் வாயிலில் ஒட்டும் பங்கில் பாக்கி தானாகக் குறையும். இன்று கைப்பேசிவழியாகக் காணிக்கை செலுத்தும் வசதியும் வந்துவிட்டது. எவ்வழியில் வந்தாலும் கணக்குக்கு விலக்கில்லை.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கோயில்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தட்டு ஏந்த ஆளில்லை, உண்டியலில் காசில்லை. அந்நாளிலும் பல பங்குகளில் அரிசியும் பருப்பும் வேலையிழந்த வீடுகளைத் தேடிச் சென்றன. அதைப் பெற்றவர்களில் பாக்கிக்காரர் யார் என்று அன்று எவரும் ஏட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. பெருந்துன்பத்தில் நமக்கு இயல்பாக வந்த அறிவு, திருவிழாக் காலத்தில் மட்டும் ஏன் வரக்கூடாது?

ஆகவே, இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு முன்பாக ஒவ்வொரு பங்கும் ஒன்று செய்யட்டும் என்று விரும்புகிறோம். பாக்கிப் பட்டியலை ஒலிபெருக்கிக்கு எடுத்துச் செல்லாமல், அதில் பெயருள்ள வீடுகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். போகும்போது ரசீதுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, திருவிழா அழைப்பிதழோடு போங்கள். "எங்கே சில நாளாகக் கோயில் பக்கம் காணோம்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலே அந்தப் பங்கின் உண்மையான வரவுசெலவுக் கணக்கு.